காரை இறக்கினால் டயர் ஏன் உள்பக்கம் தேய்கிறது? வீல் அலைன்மென்ட் பண்ணினால் சரியாகிவிடுமா? முழு விளக்கம்

எங்கள் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் வாங்கினார். மந்தைவெளியில் வீடு. தினமும் மயிலாப்பூர், தி.நகர் வழியாகத்தான் ஆபீஸ். வண்டி பார்க்க செம லுக். டயருக்கும் மேலே இருக்கும் பாடிக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. முன்னாடி வச்சிருந்தவர் சஸ்பென்ஷனை இறக்கியிருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரியும். நண்பருக்கு அதுதான் பிடித்துப் போனது.

ஐந்தே மாதம். முன் டயர் இரண்டும் காலி.

வெளியில் நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுசா ஒடித்துவிட்டு குனிந்து பார்த்தால், உள் ஓரம் மொட்டை. ஒரு இடத்தில் கம்பியே எட்டிப் பார்த்தது. "ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணேன்பா, அப்புறமும் இப்படி" என்று தலையில் கை வைத்துவிட்டார்.

ரீல்ஸைத் திறந்தாலே தரையோடு ஒட்டி ஓடும் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஸ்பிரிங் மாற்றினால் போதும், அப்புறம் ஒரு அலைன்மென்ட் பண்ணினால் எல்லாம் சரி என்று கமெண்ட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சென்னை ரோட்டில் நம் பாக்கெட்டையும் மழை நேரத்தில் உயிரையும் தொடுகிற விஷயம். என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எதற்காக காரை இறக்குகிறார்கள்?

லுக்குக்காக என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் இதன் பிறப்பிடம் ரேஸ் டிராக். கார் தரைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவு குறைவாக வளைவில் சாயும். எடை ஒரு பக்கமாகப் போய் விழாது. நான்கு டயரும் ரோட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவு ரேஸ் ஞாபகம் இருக்கும். அந்தக் கார்களின் அடிப்பகுதி தரையிலிருந்து சில சென்டிமீட்டர்தான். அது ஓட வேண்டும் என்பதற்காக சுமார் 3.5 கி.மீ. பாதையையே தயார் பண்ண வேண்டியிருந்தது. அந்த ரேஸ் முதலில் நடந்திருக்க வேண்டியது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் வந்து நகரமே தண்ணீரில் நின்றதால் தள்ளிப் போனது. தாழ்ந்த காருக்கு என்ன மாதிரி ரோடு வேண்டும், சென்னை என்ன மாதிரி ஊர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் விற்கும் காரை இந்தியாவுக்குக் கொண்டு வரும்போது பல கம்பெனிகள் சஸ்பென்ஷனை உயர்த்தித்தான் கொண்டு வருகின்றன. காரணம் நம் ரோடும் நம் வேகத்தடையும்தான். அதைத்தான் நாம் மறுபடியும் காசு கொடுத்து இறக்குகிறோம்.

கேம்பர், காஸ்டர், டோ... இதெல்லாம் என்ன?

அலைன்மென்ட் சென்டரில் கொடுக்கும் பிரிண்ட் அவுட்டில் சிவப்பும் பச்சையுமாக நிறைய எண்கள் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவோம். அதில் இருப்பது முக்கியமாக மூன்று கோணங்கள்தான்.

காருக்கு முன்னால் நின்று சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் தலை உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு கேம்பர். உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்.

அடுத்து, காருக்கு மேலே பறந்து கீழே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரங்களின் மூக்கும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் டோ-இன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் டோ-அவுட். நாம் நிற்கும்போது கால் விரல்கள் உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே திரும்பியிருக்கின்றனவா என்பது மாதிரி.

காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போல. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். நான்கு பக்கமும் ஒரே அளவு இறக்கினால் காஸ்டர் பெரிதாக மாறாது. ஆனால் நம்ம ஊரில் பலர் முன்பக்கத்தை மட்டும் கூடுதலாக இறக்குகிறார்கள். மூக்கு குனிந்தால் காஸ்டர் குறையும். கார் நேராக ஓடுவதில் இருக்கும் உறுதி போய், ஸ்டியரிங் லேசாக மிதப்பது போல் இருக்கும். ஈ.சி.ஆரில் வேகம் எடுக்கும்போதுதான் இது தெரியும்.

இறக்கினால் கோணம் ஏன் மாறுகிறது?

இதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ரோட்டில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண். கீழே சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் லோயர் ஆர்ம். அதோடு கூட, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்புகிற டை ராட்.

லோயர் ஆர்மும் டை ராடும் கதவு மாதிரி. ஒரு முனை காரோடு நிலையாக இருக்கும், இன்னொரு முனை மேலும் கீழும் ஆடும். கதவின் விளிம்பு நேர்கோட்டில் போகாது, வட்டத்தில்தான் போகும். அதே போல சக்கரம் மேலே ஏறும்போது இந்த இரண்டு கம்பிகளின் வெளிமுனையும் வட்டமாகத்தான் நகர்கின்றன. இரண்டின் நீளமும் சாய்வும் சரியாகப் பொருந்தினால், சக்கரம் மேலே போனாலும் அதன் மூக்கு நேராகவே இருக்கும். கம்பெனி இன்ஜினியர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வடிவமைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பொருத்தம் கம்பெனி வைத்த உயரத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட அளவுக்குத்தான்.

இப்போது ஸ்பிரிங்கை மாற்றி காரை 4 செ.மீ. இறக்குகிறீர்கள். காரின் பார்வையில், நான்கு சக்கரமும் நிரந்தரமாக 4 செ.மீ. மேலே ஏறிவிட்டன. குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறைய சாமான் அடைத்து ஊருக்குப் போகும்போது கார் அமுங்குமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான். வித்தியாசம் என்னவென்றால், இறக்கிய கார் காலியாக இருக்கும்போதே அங்கே இருக்கிறது. அதற்கு மேல்தான் ஆள் ஏற வேண்டும்.

அந்த நிலையில் லோயர் ஆர்ம் ஒரு வளைவிலும் டை ராட் இன்னொரு வளைவிலும் போய் நிற்கின்றன. சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது, அதாவது கேம்பர் நெகட்டிவ் ஆகிறது. கூடவே டை ராட் சக்கரத்தை இழுத்தோ தள்ளியோ மூக்கைத் திருப்பிவிடுகிறது. டை ராட் சக்கர மையத்துக்குப் பின்னால் இருக்கும் முன்சக்கர டிரைவ் கார்கள் பலவற்றில் இது டோ-அவுட் பக்கம் போகும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் மாறும் என்பது நிச்சயம்.

இன்னொரு வினோதம், இறக்க இறக்க கேம்பர் கூடிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெக்பெர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் ஒரு எல்லையைத் தாண்டி மேலே சாய்ந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். அதற்குப் பிறகு வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் கிடைக்காது. ரேஸ் கார் மாதிரி திரும்பும் என்று நம்பி அளவுக்கு மீறி இறக்கியவர்களின் கார், கம்பெனி நிலையில் இருந்ததைவிட மோசமாகத் திரும்புவது இதனால்தான்.

டயரைத் தின்பது கேம்பரா, டோவா?

டயர் கடையில் கேட்டால் "கேம்பர் போயிடுச்சு சார்" என்பார்கள். சாய்ந்த சக்கரம் கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன் மேல் விழுகிறது. கேம்பர் மட்டும் ஒன்றிரண்டு டிகிரி மாறினால் டயர் உள் ஓரம் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். டயரைச் சீவித் தள்ளுவது டோ.

சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து வெறும் கால் டிகிரி திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாத அளவு. கார் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடும்போது, அந்தச் சக்கரம் போக நினைத்த திசைக்கும் இழுத்துச் செல்லப்பட்ட திசைக்கும் நடுவில் சுமார் 4.4 மீட்டர் வித்தியாசம் வரும். அந்த 4.4 மீட்டரும் ரப்பர் பக்கவாட்டில் தேய்ந்துதான் சமாளிக்க வேண்டும். 10,000 கி.மீ. ஓடினால் 44 கி.மீ. அடையாறிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கிட்டத்தட்ட டயரைப் பக்கவாட்டில் தரதரவென்று இழுத்துப் போவதற்குச் சமம். காகிதக் கணக்கு இது. ரப்பர் வளைந்து கொடுப்பதால் நிஜத்தில் இதே அளவுக்கு வழுக்காது. ஆனால் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இந்தக் கணக்கு நான் இஷ்டத்துக்குப் போட்டது இல்லை. வாகன சோதனை நிலையங்களில் இருக்கும் சைட் ஸ்லிப் டெஸ்டர் கருவி இதையேதான் அளக்கிறது. அதன் அலகே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்பதுதான்.

டோ-அவுட்டும் நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்துகொண்டால் நண்பரின் டயர் கதைதான். கேம்பர் எடையை உள் ஓரத்தில் ஏற்றி வைக்கிறது, டோ அந்த ஓரத்தை அரம் போல ராவுகிறது.

உங்கள் காரில் இது இருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் டோ போய்விட்டது. கம்பி வெளியே வந்திருக்கலாம், கவனம்.

அலைன்மென்ட் பண்ணினால் சரியாகாதா?

டோ சரியாகும். மற்றது பெரும்பாலும் ஆகாது. யாரும் தெளிவாகச் சொல்லாத விஷயம் இதுதான்.

நம்ம ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி மாற்றக்கூடியது முன் சக்கரங்களின் டோ மட்டும்தான். டை ராட் முனையில் இருக்கும் மரையைத் திருகி அதைச் சரிசெய்வார்கள். கேம்பரும் காஸ்டரும் கம்பெனியில் வைத்தது வைத்ததுதான். மாற்ற ஸ்க்ரூவே கிடையாது. பின்பக்கம் இன்னும் மோசம். பல கார்களில் இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை பீம்தான் இருக்கும், அதில் எதையும் திருக முடியாது.

அதனால்தான் பிரிண்ட் அவுட்டில் டோ பச்சையாகவும் கேம்பர் சிவப்பாகவும் வரும். "இது அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார், ஓடும்" என்று சொல்லி அனுப்புவார்கள். பொய் சொல்லவில்லை. அந்தக் காரில் அது முடியாதுதான். முடிய வேண்டும் என்றால் கேம்பர் போல்ட், கேம்பர் பிளேட் என்று தனியாக வாங்கிப் போட வேண்டும். ஸ்பிரிங் விலை கேட்கும்போது இந்தச் செலவை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

டோவைச் சரிபண்ணிவிட்டாலும் அது கார் அசையாமல் நிற்கும்போது உள்ள டோ. ஓடும்போது ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சக்கரம் ஏறி இறங்கும். இறக்கிய காரில் டை ராடும் லோயர் ஆர்மும் பொருந்தாத இடத்தில் இருப்பதால், சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மூக்கு உள்ளேயும் வெளியேயும் திரும்பும். ஸ்டியரிங்கை நீங்கள் அசைக்கவே இல்லை, ஆனால் கார் லேசாகத் திசை மாறும். ரேஸ்காரர்கள் இதை பம்ப் ஸ்டியர் என்பார்கள். இதை எந்த அலைன்மென்ட் மெஷினும் திருத்தாது. டை ராட் முனையின் உயரத்தையே மாற்ற வேண்டும்.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கே அலைன்மென்ட் பண்ணினால் வீண். சில நாள் ஓடி ஸ்பிரிங் தன் உயரத்தில் அமர்ந்த பிறகுதான் பண்ண வேண்டும். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, கார் தன் எடையில் தரையில் நிற்கும் நிலையில்தான் முழுசாக இறுக்க வேண்டும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும். கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் பண்ணுவது, ஆடுகிற மேஜை மேல் தராசை வைத்து தங்கம் நிறுப்பது மாதிரி.

கூடவே ஹெட்லைட்டின் சாய்வையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் இறங்கினால் வெளிச்சம் பக்கத்திலேயே விழும். கேமராவும் ரேடாரும் வைத்து தானாக பிரேக் போடும் புது கார்களில் உயரத்தை மாற்றினால் அந்த சென்சார் கணிப்பே தவறலாம். அதில் கை வைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும்?

நல்ல லோவரிங் ஸ்பிரிங் செட் விலை அதிகம். அதனால் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், அது சுமார் 20 சதவீதம் விறைப்பாகிவிடும். விறைப்பாவது கூட பரவாயில்லை. வெட்டிய முனை அதற்கான இருக்கையில் ஒழுங்காக உட்காராது. நீளமும் குறைந்துவிட்டதால், பெரிய பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும் ஒரு கணத்தில் ஸ்பிரிங் லூஸாகி இடம் மாறி உட்காரலாம். இடது பக்கம் வெட்டியதும் வலது பக்கம் வெட்டியதும் ஒரே அளவாக இல்லையென்றால் கார் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அப்படிப்பட்ட காரில் எந்த அலைன்மென்ட்டும் நிற்காது. வெட்டுவதற்குப் பதிலாக நெருப்பு காட்டி அமுக்குகிறவர்களும் உண்டு. ஸ்பிரிங் ஸ்டீலின் பதத்தையே அது கெடுத்துவிடும். எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

சென்னை வேகத்தடையில் கார் ஏன் தட்டுகிறது?

எதிர்பார்க்காத ஒரு பதில் இங்கே இருக்கிறது. விதிப்படி கட்டிய வேகத்தடையில், 4 செ.மீ. இறக்கிய கார்கூட தட்டாது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதியில் வட்ட வடிவ வேகத்தடைக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். உயரம் 10 செ.மீ., ரோட்டின் நீளவாக்கில் அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் ஹேட்ச்பேக் கார்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் சுமார் இரண்டரை மீட்டர். அதாவது ஒரு கட்டத்தில் நான்கு சக்கரமும் வேகத்தடையின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால், காரின் வயிற்றுக்கு நடுவில் மேடு எழும்புவது 5 செ.மீ.க்கும் குறைவு. 16, 17 செ.மீ. இடைவெளியோடு கம்பெனியிலிருந்து வரும் கார், 4 செ.மீ. இறங்கி, ஆள் ஏறி இன்னும் கொஞ்சம் அமுங்கினாலும் தாராளமாகப் போகும்.

ஆனால் தெருவில் நாம் பார்ப்பது வேறு. இரண்டு அடி அகலத்தில் கூராக எழும்பும் தார் மேடு, அபார்ட்மென்ட் வாசலில் தாங்களே போட்டுக்கொண்ட சிமென்ட் மேடு. அதில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும், முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கும். 12 செ.மீ. மேடு இருந்தால் இறக்கிய கார் தட்டியே தீரும். எனவே அந்தச் சத்தத்துக்கு பாதிப் பொறுப்பு கார் ஓனருக்கு, பாதி அந்த மேட்டைப் போட்டவருக்கு.

தட்டுவதோடு முடிந்தால் பரவாயில்லை. பள்ளம்தான் அலைன்மென்ட்டுக்கு எமன். மயிலாப்பூரில் கச்சேரி சாலை, லஸ் பக்கம், தி.நகரில் பனகல் பார்க் சுற்றுவட்டாரம், அடையாறு என்று மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் பாதைகளைப் பாருங்கள். மாற்றுப்பாதை, இரும்புத் தகடு, ஒட்டுப் போட்ட தார், ரோட்டு மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு உயர்த்தியதால்தான் பல தெருக்களில் மூடிகள் பள்ளமாகிப் போயின. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட வேண்டியிருந்தது.

இறக்கிய காரில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆட மிச்சமிருக்கும் தூரம் குறைவு. பள்ளத்தில் விழுந்தால் அந்தத் தூரம் சட்டென்று தீர்ந்து, ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அதற்கு மேல் அடி நேராக லோயர் ஆர்ம், டை ராட், பால் ஜாயிண்ட் மேல்தான். அலைன்மென்ட் பண்ணிய ரிப்போர்ட்டின் மை காய்வதற்குள் டோ மாறிவிடும். கம்பெனி உயரத்தில் இருக்கும் காருக்கே சென்னையில் 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை செக் பண்ணச் சொல்கிறார்கள். இறக்கிய காருக்கு பெரிய பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு தடவையும் பார்ப்பதுதான் நல்லது.

மழை வந்தால் இன்னொரு ஆபத்து. டயரின் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். கார் டயரில் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும் என்கிறது விதி. உள் ஓரம் மொட்டையான டயரில், வெளியே நின்று பார்த்தால் 5 மி.மீ. இருக்கும். காமராஜர் சாலையில் தண்ணீர் படலத்தின் மேல் பிரேக் அடிக்கும்போது, எடை நிற்பது அந்த மொட்டை ஓரத்தில். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னாடி ஸ்டியரிங்கை ஒடித்து உள் ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி ஓனர் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, கம்பெனியின் மூல வடிவமைப்பிலிருந்து விலகக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவின் அழுத்தம் என்று தீர்ப்பளித்தது.

மாடிஃபிகேஷன் பிரியர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் எடை இருக்கு, சீட் எண்ணிக்கை இருக்கு, வீல்பேஸ் இருக்கு. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற கட்டமே இல்லையே, அப்புறம் எப்படி மாறியதாகும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு மூல வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சிக்னலில் மடக்கும் அதிகாரியிடம் இந்த வாதம் எடுபடும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அபராதம் சின்னதும் இல்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் ஒன்று, சைலன்சர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளைம் கேட்கும்போது பெரிய தலைவலியாகத் திரும்பி வரும்.

சொந்த இடத்திலோ டிராக்கிலோ ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. அங்கே இறக்கிய காருக்கு மரியாதையும் உண்டு, அதற்கேற்ற ரோடும் உண்டு.

பழைய கார் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எங்கள் நண்பர் மாதிரி, யாரோ இறக்கிய காரை வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். புதுசா நான்கு டயர் போட்டு விற்றால் சந்தேகப்படுங்கள். பழைய டயர் என்ன கதை சொல்லியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி ஸ்பிரிங் முனையைப் பாருங்கள். வெட்டியிருந்தால் தெரியும். நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து மேலே இருக்கும் பாடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால், இடதும் வலதும் ஒன்றா என்று ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். காசு கொடுக்கும் முன்பு ஒரு தடவை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி, எதையும் திருகாமல் அளவை மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் வேண்டாம் என்றால் அதுவே பதில்தான்.

நண்பரின் காரில் கடைசியில் கண்டுபிடித்தது, இடது லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருந்தது. அலைன்மென்ட் சென்டரில் நிற்கும்போது டோ சரியாக இருக்கும். பிரேக் அடித்ததும் ஆர்ம் நகர்ந்து சக்கரம் வெளியே திரும்பும். இரண்டு தடவை அலைன்மென்ட் பண்ணிய இடத்திலும் யாரும் கீழே கம்பி போட்டு நெம்பிப் பார்க்கவில்லை, இவரும் கேட்கவில்லை. புஷ் மாற்றி, கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, புது டயரோடு சேர்த்து அவருக்கு ஆன செலவு, கார் வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகையைவிட அதிகம். வண்டி இப்போது பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. லுக் போச்சே என்று இன்னும் வருத்தம்தான் அவருக்கு.